அப்பனுக்குக் கூற்று இல்லை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் இருக்கிறது, காது இருக்கிறது, ஆனாலும் எதிரே நிற்கிறவன் சொல்வது அவன் சொல்வதுதான் என்று நம்ப ஒரு மிஷின் வேண்டியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைப் பார்ப்பதில்லை. செல்லை எடுத்துப் பத்திரிகைக்கு மேலே பிடிக்கிறார்கள். 'கூப்பிடுவது பெரிய மாமன், பேசுவது சின்ன மாமன் பெண்டாட்டி, உள்ளே மனத்தாங்கல் உண்டு' என்று அது சொல்கிறது. உடனே இவர்கள் கல்யாணத்துக்குப் போவதில்லை. எங்கள் ஊரில் ஒரு நிச்சயதார்த்தமே இப்படி நின்றுபோனது. மாப்பிள்ளை பெண்ணுக்கு அனுப்பிய சேதிகளில் பேசுவது மாப்பிள்ளை இல்லை, அவன் அக்கா என்று மிஷின் சொல்லிவிட்டதாம். அந்தப் பையன் சூடம் அடித்துச் சத்தியம் செய்தான். யார் கேட்டார்கள்?

பேசுகிற கூற்று யாருடையது என்று காட்டுவதால் அதற்குக் கூற்றுக்காட்டி என்று பேர். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போர்வெல் வண்டியில் ஊர் ஊராகப் போய்ப் பாறையில் குழி போட்டவன். மிஷின் வைத்துத் தண்ணீர் பார்த்தவர்கள் காட்டிய இடத்திலும் புழுதி பறந்திருக்கிறது, தேங்காய் வைத்துப் பார்த்தவர்கள் காட்டிய இடத்திலும் புழுதி பறந்திருக்கிறது. அதனால் எவன் எதைக் காட்டினாலும் எனக்குச் சந்தேகம்தான். ஆனால் இந்தக் காட்டியைச் செய்தவர்களில் என் மகளும் ஒருத்தி. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

சிந்துஜா எங்களுக்கு ஒரே பிள்ளை. பழைய சங்கப் பாட்டுகளைப் படிக்கிறேன் என்று சென்னைக்குப் போனாள். அங்கே கூடவே வேலை பார்த்த பிரிட்டோ என்கிற தூத்துக்குடிப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வேறு சாதி, வேறு சாமி. என் பெண்டாட்டி வளர்மதி குலதெய்வத்து வாசலில் நின்று, இந்த வீட்டில் யாராவது இனி அவளோடு பேசினால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் பிரிட்டோவின் தாயார் போனில் சம்மதம் கேட்டபோது வளர்மதி சொன்னது வேறு.

"அவருக்கு இஷ்டமில்லைங்க."

நான் பக்கத்தில்தான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான். 'வேண்டாம்' என்பது யார் மனசில் இருந்தாலும் ஆம்பிளை பேரில்தான் வாசலைத் தாண்டும். ஏணி இரவல் கேட்டு வந்தால்கூட 'அவரு திட்டுவாருங்க' என்றுதான் பதில் போகும். ஆக, பெற்ற மகளைத் துரத்திய கல்நெஞ்சுக்காரன் குழந்தைவேலு என்று ஊருக்குள் எனக்குப் பேர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

சிந்துஜா அவனையே கட்டிக்கொண்டு சென்னையில் இருந்துவிட்டாள். ஆனால் நான் மகளோடு பேசினேன். சாயங்காலம் தோட்டத்து மோட்டார் ரூமுக்குள் போய் மோட்டாரைப் போடுவேன். அந்தச் சத்தத்தில் நான் பேசுவது வெளியே கேட்காது. அவள் திருப்பிப் பேசினால் எனக்கும் கேட்காது. அதனால் செல்லில் நான் சொல்லச் சொல்ல அது எழுத்தாக்கி அனுப்பும்படி கடைக்காரனிடம் வைத்து வாங்கிக்கொண்டேன். அவள் படித்துவிட்டு ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. எங்கள் கறுப்பு மாடு காரி கன்று போட்டது, காற்றில் முருங்கை முறிந்தது, ஈரத் தலையோடு படுக்காதே, வெளிச் சாப்பாடு வயிற்றைக் கெடுக்கும், இப்படித்தான் சொல்லுவேன். அவள் அம்மாவைப் பற்றி மட்டும் சொன்னதில்லை. சொன்னால் அவள் ஏதாவது கேட்பாள். கேட்டால் என்ன பதில் சொல்வது?

போன ஐப்பசியில் விஷக் காய்ச்சல் வந்து சிந்துஜா போய்விட்டாள். நாங்கள் சென்னை போய்ச் சேர்வதற்குள் சவப்பெட்டியை மூடியிருந்தார்கள். வளர்மதி பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாயில் வைப்பாள், அப்படியே வைத்திருப்பாள், கொல்லையில் போய்த் துப்பிவிட்டு வருவாள். புடவைக்குள் ஆள் இருக்கிறாளா என்று தேட வேண்டியதாகிவிட்டது. "உடம்புல ஒண்ணும் இல்லைங்க, ஆனா இப்படியே போனா தாங்காது" என்று டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். ஒரே ஒரு நாள், சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஒரு வார்த்தை பேசியிருக்கலாமுங்க" என்றாள்.

நான் பேசிக்கொண்டிருந்தேன் என்று அப்போது சொல்ல வாய் வந்தது. சொன்னால் அது ஆறுதலா, இன்னொரு அடியா? 'நான் பேசினேன், நீதான் பேசவில்லை' என்றுதானே அவள் காதில் விழும்? முழுங்கிவிட்டேன்.

அப்போதுதான் பிரிட்டோ போன் போட்டான்.

"மாமா, அத்தையைக் கூட்டிட்டு ஒரு தடவை வாங்க. சிந்துவை எழுப்பியிருக்கோம்."

"என்னத்தைடா எழுப்புனீங்க? புதைச்ச எடத்துலயா?"

"இல்ல மாமா, கோவப்படாதீங்க. அவ குரலை. அத்தைகூட அவ பேசுவா. அத்தை இப்படி இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். ஒரு தடவை பேசுனா மனசு ஆறும்."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் வளர்மதி எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். நான் என்ன செய்ய?

சென்னையில் பிரிட்டோ வேலை பார்க்கும் கட்டடம் ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. வளர்மதியை உள்ளறையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, எல்லாம் தயாராகும்வரை அவன் என்னை நடையில் நிறுத்திக் காட்டியைப் பற்றிச் சொன்னான். மெலிந்துபோயிருந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அதைச் சொல்லத்தான் ஆள் இல்லையே.

"பழைய அகப்பாட்டுல யாரு பேசுதாங்கன்னு பேரு இருக்காது மாமா. ஒரு குரல் மட்டும் இருக்கும். உரைகாரங்கதான் கீழ ஒரு வரி எழுதுவாங்க. இது தோழி சொன்னது, தலைவன் வேலிக்கு அந்தாண்ட ஒளிஞ்சு நிக்கான், அவன் காதுல விழட்டும்னு சொல்லுதா. அப்படி."

"அவிங்களுக்கு எப்படித் தெரியும்? போயிக் கேட்டாங்களா?"

"சொல்லை வச்சுத்தான் மாமா. என்ன சொல்லுது, எதை ஒளிக்குது, யாருகூட மனஸ்தாபம், இதையெல்லாம் பார்த்து. அந்த வரிகளை எல்லாம் ஊட்டித்தான் சிந்து இந்தக் காட்டியைப் பழக்குனா. பாட்டை வச்சா போதும், பேசுறது யாரு, கேக்கறது யாரு, குறுக்க நிக்கறது யாருன்னு சொல்லிடும். அப்புறம் அந்த ஆளையே எழுப்பிப் பேச வைக்கும். பொறவு ஜனங்க வீட்டுச் சேதியெல்லாம் கொண்டுவந்து காட்ட ஆரம்பிச்சாங்க. அது நாங்க நெனைக்காதது."

"குடும்பத்தைக் கெடுக்கறதுக்குன்னே வந்துது."

அவன் கதவைத் திறந்தான்.

அறையில் ஒரு மேசை, ஒரு பெட்டி. வேறு ஒன்றும் இல்லை. பிரிட்டோ ஏதோ அழுத்தினான்.

"அம்மா, வந்துட்டியா?"

அவள் குரலேதான். காலையில் எழுந்தவுடன் கொஞ்சம் கட்டியிருக்குமே, அந்தக் குரல். வளர்மதி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா பேசாம இருக்கே? எழுத்துல அத்தனை பேசுனியே. காரி கன்னு போட்டதைச் சொன்னே. கன்னு நெத்தியில வெள்ளைச் சுட்டி இருக்குன்னு சொன்னே. முருங்கை முறிஞ்சு விழுந்து கோழிக்குஞ்சு தப்பிச்சதைச் சொன்னே. நான் படுத்துக்கிட்டு அதையே படிச்சுட்டிருப்பேன். நீ மட்டும் சேதி போடலைன்னா இந்த ஊர்ல நான் ரெண்டு மாசம் தாக்குப் பிடிச்சிருக்கமாட்டேன்மா."

வளர்மதி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைப் பார்த்தேன்.

"எம்மேல உனக்குக் கோவமே இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றது குரல். "அப்பாவுக்குப் பயந்துதானே பேசாம இருந்தே? அப்பா எப்படி இருக்காரு? இன்னும் அதே வீம்புலதான் இருக்காரா?"

"இங்கதான் நிக்கறாரு" என்றாள் வளர்மதி. மகள் வீட்டை விட்டுப் போன பிறகு அவளிடம் வளர்மதி பேசிய முதல் வார்த்தை அது.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. நான் கிட்டே போனேன்.

"அம்மிணி" என்றேன்.

"சொல்லும்மா" என்றது.

"அம்மிணி, நாந்தான் சாமி. அப்பன்."

"என்னம்மா? அப்பா ஏதாவது சொன்னாரா?"

நான் பிரிட்டோவைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பெட்டி வளர்மதியைக் கூப்பிட்டது. "அம்மா, ஈரத் தலையோட படுக்காதேன்னு சொல்லிட்டே இருப்பியே. நான் கேக்கவே இல்லை பாரு. எல்லாத்தையும் நீதானே சொன்னே, நான்தான் கேக்கலை." அதைச் சொல்லிச் சிரித்தது.

வளர்மதி எழுந்து, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். அந்தப் பெட்டியின் காதில் சொல்கிறவள்போலச் சொன்னாள்.

"ஆமா கண்ணு. நாந்தான் சொன்னேன்."

என் காதால் கேட்டேன். அப்புறம் அவள் அழுதாள். அன்றைக்குச் சவப்பெட்டிமேல் கை வைத்து அழாத அழுகையை எல்லாம் சேர்த்து அழுதாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

பிரிட்டோ பின்னாலேயே ஓடி வந்தான்.

"மாமா, மன்னிச்சுக்கோங்க. உங்களை அது கூப்பிடாது. அதை நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"அந்தச் சேதியெல்லாம் ஆரு அனுப்புனது?"

"அத்தைதான். சிந்து போன்ல 'வீடு'ன்னு பேரு போட்டிருந்தா. யாரு சேதின்னு கேட்டா சிரிப்பா, சொல்லமாட்டா. அவ போன பிறகு காட்டியில வச்சுப் பார்த்தேன்." அவன் சுவரில் இருந்த ஒரு திரையைத் தொட்டான். "பாருங்க."

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கூட்டிப் படித்தேன். கூற்று: தாய். கேட்போர்: மகள். தடை: தந்தை.

"த. டை. த. ந். தை" என்று இன்னொரு தடவை சத்தமாகப் படித்தேன்.

"பிரிட்டோ, அது நான் அனுப்புனது."

"மாமா?"

"மோட்டார் ரூம்ல உக்காந்து நான் சொன்னது. அவ்வளவும்."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை. "மாமா, படிச்சா அம்மா பேசுற மாதிரியேதான் இருக்கு. நான் தெனம் படிக்கேன். ஈரத் தலையோட படுக்காதேன்னு எந்த அப்பா சொல்லுவாரு?"

"நான் சொன்னேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். படித்த பிள்ளை, வெறுந்தரையில்.

"அகத்துல அப்பனுக்குக் கூற்று கிடையாது மாமா. அதுதான் பழைய இலக்கணம். தலைவி பேசலாம், தோழி பேசலாம், பெத்த தாய், வளர்த்த தாய், பாணன், வழியில பார்த்தவங்க, யாரு வேணா பேசலாம். அப்பனும் அண்ணன்மாரும் நேரா பேசக்கூடாது. அப்பா இப்படிச் சொன்னாருன்னு வேற ஒருத்தர் வாயிலதான் வரும். அதனால காட்டிக்கு அப்பன் பேசுவான்னே தெரியாது. உங்க சொல்லு வந்ததும், இது யாரோட சொல்லுன்னு தேடி, அம்மாகிட்டக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு."

"அந்தப் பாட்டுகள்ல நிலாகூடவெல்லாம் பேசுவாங்கன்னு சிந்து சொல்லியிருக்கா."

"ஆமா. நிலா, நண்டு, கடல், எல்லாத்துகூடவும் பேசுவாங்க."

"நண்டுகூடப் பேசலாம். பெத்தவன் மட்டும் மகள்கூடப் பேசக்கூடாதா? எந்த நாய் எழுதுனது இந்தச் சட்டத்தை?"

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "எழுதுனது யாரோ மாமா. காட்டிக்குள்ள அதைப் போட்டது சிந்து. அப்பனுக்கும் ஒரு இடம் விடலாமேன்னு இங்க ஒருத்தர் கேட்டாரு. இலக்கணத்துல இல்லாததை நம்ம இஷ்டத்துக்குச் சேர்க்கக்கூடாதுன்னு சண்டை போட்டா."

அதைக் கேட்ட பிறகு எனக்குக் கோபம்கூட வரவில்லை. என் சேதியைப் படித்துவிட்டு ஒரு ரிங் விட்டுவிட்டு, போய் அந்தச் சண்டையைப் போட்டிருக்கிறாள். அது வேலை, இது வீடு என்று நினைத்திருப்பாள். அல்லது என்னை அப்பன் கணக்கிலேயே வைக்கவில்லையோ என்னவோ. கேட்க ஆள் இல்லை. உள்ளே இருப்பதைக் கேட்டால் 'சொல்லும்மா' என்றுதான் சொல்லும்.

"மாத்திடலாம் மாமா" என்று எழுந்தான் பிரிட்டோ. "அப்பனுக்கு ஒரு கூற்று திறந்துவிடுறேன். உங்க சேதியெல்லாம் உங்க பேருக்கு வந்துடும். இன்னைக்கே. அவ உங்களை அப்பான்னு கூப்பிடுவா."

பொய் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் கன்னியாகுமரிவரை நடந்துபோவேன்.

"அப்ப வளர்மதி?"

அவன் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கும் புரிந்தது. "ஒரு சொல்லு ஒரு ஆளுக்குத்தான் மாமா. உங்களுக்கு வந்தா அத்தைகிட்ட ஒண்ணும் இருக்காது. அத்தை ஒரு வார்த்தையும் பேசலைங்கறது சிந்துவுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா?"

"கேப்பா. 'ஏம்மா பேசலை'ன்னு."

உள்ளேயிருந்து குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தன. வளர்மதி கன்றுக்குட்டியைப் பற்றி ஏதோ சொல்ல, அது கேட்டுச் சிரித்தது.

நாங்கள் இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே அது திறந்தது. வளர்மதி வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, இங்க பக்கத்துல சோத்துக்கடை இருக்குங்களா? வயிறு இழுக்குது."

அவள் வாயிலிருந்து பசி என்று கேட்டு மாசக்கணக்காகிவிட்டது. பிரிட்டோ நான் வாங்கிட்டு வாரேன் என்றான். நான் வேண்டாம் என்று கை காட்டினேன். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"மழை பேஞ்சு தோட்டமெல்லாம் தண்ணி நிக்கற அன்னைக்கும் மோட்டார் ஓடுச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

நான் பிரிட்டோவின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆருகூடப் பேசறீங்கன்னு ஒரு நாளாச்சும் கேட்டனா? நீங்க உள்ள போறதுக்கு முன்னால நான் வந்து என்னத்தையாச்சும் சொல்லுவனே. கன்னுக்கு நெத்தியில சுட்டி இருக்குது பாருங்கன்னு சொன்னது ஆரு? டவுனுப் புள்ளைங்க ஈரத் தலையோட படுத்துச் சளி புடிச்சுக்குதுன்னு உங்ககிட்ட வந்து பொலம்புனது ஆரு? நீங்களா எதையாச்சும் பார்த்தீங்களா? மாடு கன்னு போட்டதே நான் சொல்லித்தானுங்க உங்களுக்குத் தெரியும்."

"நீ சும்மா பேசிட்டிருந்தே."

"சும்மாதான்" என்றாள். "நீங்க கொண்டுபோய்ச் சேர்த்துருவீங்கன்னு."

திரும்பி உள்ளே போய்விட்டாள். கதவு மூடியது.

நான் அங்கேயே நின்று ஞாபகத்தைக் கிளறினேன். சுட்டியைப் பற்றி அவள் சொன்னாளா? சொல்லியிருக்கலாம். ஈரத் தலை? அவள் எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டுதான் இருப்பாள், நான் காதில் வாங்கியதே இல்லை. முருங்கை முறிந்ததை நானே கண்ணால் பார்த்தேன். பார்த்தேனா, அவள் வந்து சொன்ன பிறகு போய்ப் பார்த்தேனா? ஒன்று மட்டும் தெரிந்தது. அவள் சொன்னது நிஜமாக இருந்தால் மோட்டார் ரூமுக்குள் நான் வெறும் செல்தான். பொய்யாக இருந்தால், அவள் உயிர் பிழைக்க அந்தப் பொய் வேண்டும்.

பிரிட்டோ என் தோளைத் தொட்டான். "மாமா, இப்ப அத்தை சொன்னதைக் காட்டியில வச்சுப் பாக்கவா? உண்மையா இல்லையான்னு..."

"பல்லைத் தட்டிருவேன்."

"சரி மாமா."

"பெட்டியில ஒண்ணையும் மாத்தாதே. அப்படியே இருக்கட்டும். அவ எப்ப வந்தாலும் பேச விடு. ஊருக்குப் போன் வழியாப் பேச முடியுமா?"

"முடியும்."

"செஞ்சு குடு."

"அப்ப நீங்க நம்புறீங்களா மாமா? அந்தச் சொல்லு அத்தையோடதுன்னு?"

"நம்பல."

"பொறவு எதுக்கு மாத்த வேண்டாம்ங்கறீங்க?"

"அவளுக்குப் பசிக்குது" என்றேன்.

நான் அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றிச் சரியான ஓட்டையில் போட்டுவிட்டு, படியில் இறங்கினேன். வெளியே நல்ல வெயில். சோத்துக்கடை எங்கே என்று வாசலில் நின்ற செக்யூரிட்டியிடம் கேட்டேன். அவன் செல்லில் பார்த்துச் சொல்கிறேன் என்றான். கையைக் காட்டு போதும், நான் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மேலே ஜன்னல் திறந்திருந்தது. என் மகள் குரல் ஏதோ சொல்லிச் சிரிப்பது தெருவரைக்கும் கேட்டது. நான் நிற்கவில்லை. அது அவள் இல்லை. அந்த வார்த்தைகள் வளர்மதியுடையதும் இல்லை. அவள் சொல்லட்டும், பெட்டி சொல்லட்டும், எந்தக் காலத்து இலக்கணமும் சொல்லட்டும், நான் நம்பப்போவதில்லை.